பூட்டு இல்லை, ஆனாலும் போக முடியாது

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல் சூளை. அங்கே கல் அறுக்கும் பெண் ஒருவர் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவார். அவருடைய எட்டு வயதுப் பையனும் வேலை செய்கிறான். போன மாதம் அவருடைய அம்மா இறந்தபோது தனியாகப் போய் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். கேட்டால், “அட்வான்ஸ் இருக்குதுக்கா, வீட்டுக்காரரையும் புள்ளைங்களையும் விடல” என்கிறார். அங்கே பூட்டும் இல்லை, காவலும் இல்லை. இது கொத்தடிமையா? நான் என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: ஆமாம் சகோதரி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கொத்தடிமைதான். ஒருவர் ஊருக்குப் போக, மற்றவர்களைப் பிணையாக நிறுத்திக்கொள்கிறார்கள். பூட்டு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. முன்பணத்துக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ ஒருவர் இழந்தால் அது கொத்தடிமை என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கடனே செல்லாது என்றும் சொல்கிறது. ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிப்பதும் முதலாளியின் பொறுப்பு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

பையன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பச்சைக் கல்லைப் புரட்டிப் போடும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் வரும், எடை குறைவு என்பதால் அவர்கள் மிதித்தால் கல் நசுங்காது. கல் கணக்கில் கூலி என்றால், பிள்ளையின் உழைப்பு அப்பா பேரில் ஏறிவிடும். ஏட்டில் அவன் இருக்கவே மாட்டான்.

அவர் தண்ணீருக்குத் தனியாக வரும்போது, பேச விருப்பமா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் சில விவரங்கள் போதும்: முன்பணம் எவ்வளவு, யார் கையால், எப்போது, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, வாரச் செலவுக்கு என்ன தருகிறார்கள், மழையில் கரைந்த கல்லை யார் கணக்கில் கழிக்கிறார்கள், ஆதார், ரேஷன் கார்டு யாரிடம். செல்போனில் படம் எடுக்க வேண்டாம். சூளைக்குப் போய் முதலாளியிடம் நியாயம் கேட்கவே கேட்காதீர்கள். விஷயம் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தை வண்டியில் ஏற்றி வேறு சூளைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பையனுக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அடி, மிரட்டல் என்றால் தாமதிக்காமல் அவசர உதவி எண் 112. இலவச சட்ட உதவிக்கு 15100. விசாரணையைச் சூளையில், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க நடத்தக் கூடாது என்பதைப் புகாரில் அழுத்தி எழுதுங்கள். அங்கே வைத்துக் கேட்டால் எவருமே “நல்லாத்தான் வச்சிருக்காங்க” என்றுதான் சொல்வார்கள். கோப்பு அதோடு மூடிவிடும்.

மீட்டவர்களை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதிகாரி கையெழுத்திட்ட விடுதலைச் சான்று அவர்கள் கைக்கு வர வேண்டும்; கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனித்தனியாக. அது இல்லாவிட்டால், முதலாளி நாளைக்கு ஊரில் போய் நின்று கடனைக் கேட்பார். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெறவும் அந்தச் சான்று வேண்டும். ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகை வழக்கின் போக்கைப் பொறுத்தது. வர ஆண்டுகள் ஆகலாம்.

அதுவரை வயிறு காத்திருக்காது. வங்கிக் கணக்கு, ரேஷன், சாதிச் சான்று, பையனுக்குப் பள்ளிச் சேர்க்கை, இதற்கெல்லாம் அவர்களோடு ஒரு ஆள் அலைய வேண்டியிருக்கும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாமல், வரிசையில் கூடவே நின்றாலே அது பெரிய உதவி. முதல் சில மாதங்களில் காய்ச்சலோ சாவோ வந்து கையில் காசில்லாமல் நிற்கும்போதுதான், அடுத்த சீசனுக்கு முன்பணத்தோடு மேஸ்திரி வாசலுக்கு வருவார்.