முட்டி வலிக்கு எந்த கியர் வண்டி?

அண்ணாச்சி, மார்த்தாண்டத்திலிருந்து தினமும் நாகர்கோவில் போய்வர வேண்டும், இடது முட்டியில் வலி, கார் வாங்கினால் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்தான், யோசிக்கவே வேண்டாம். தக்கலையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தாலே கிளட்ச் மிதித்துக் கால் கடுத்துவிடும்.

எந்த ஆட்டோமேட்டிக் என்பதுதான் கேள்வி. விலை குறைந்த ஏஎம்டியில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக வண்டியே இயக்கும். மைலேஜ் கிட்டத்தட்ட மேனுவல் அளவுக்கு வரும். கியர் மாறும்போது மட்டும் தலை லேசாக ஆடும், பழகிவிடும்.

என்னுடையதும் ஏஎம்டிதான். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது ஒரு முழம் பின்னால் உருண்டது. பின்னால் ரப்பர் ஷீட் கட்டிய பைக்கில் வந்தவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! அதனால் ஹில் ஹோல்ட், அதாவது ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் சில நொடி வண்டியை உருளாமல் பிடித்து வைக்கும் வசதி, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் தீய்ந்துவிடும்; பிரேக்கைப் பிடியுங்கள்.

கையில் காசு கூட இருந்தால் சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் என்று வேறு வகை ஆட்டோமேட்டிக்கும் உண்டு; இரண்டும் ஏஎம்டியைவிடக் குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம், டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காமல் ஒரு நல்ல ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.