ரேஸுக்கு நாலு நாள்தான் இருக்கு, மூக்கு ஒழுகுது சார்!

ஜனவரியில சென்னை, மும்பைன்னு மாரத்தான் வரிசை கட்டி நிக்குது, நம்ம ஓசூர் பக்கம் பனியும் சேர்ந்துக்கிச்சு. வந்த கேள்வி முக்கால்வாசி சளி, காய்ச்சல் பத்திதான்.

மூக்கு ஒழுகுது, தும்மல், தொண்டை லேசா கரகர. ஞாயிறு ஓடலாமா? - தர்மபுரி

எல்லாமே கழுத்துக்கு மேல, காய்ச்சலும் இல்லைன்னா ஓடலாம், ஆனா டைமிங் மேல ஆசை வைக்காதீங்க. நெஞ்சுச்சளி, உடம்பு வலி, காய்ச்சல், வயித்தால போறதுன்னு கழுத்துக்குக் கீழ இறங்கிட்டா ஓடக்கூடாது. காலையில எந்திரிச்சதும் பல்ஸ் பாருங்க, வழக்கத்தை விட 10 கிட்ட ஏறியிருந்தா உடம்பு இன்னும் தேறலைன்னு அர்த்தம்.

காய்ச்சல் 101, டோலோ போட்டா இறங்கிடுது. போட்டுக்கிட்டே ஓடிடலாமா? - பாலக்கோடு

கூடாது. மாத்திரை சூட்டைத்தான் இறக்குது, வைரஸ் உள்ளயேதான் இருக்கு. அது இதயத் தசையில போய் உக்காந்த நேரத்துல 42 கிலோமீட்டர் ஓடினா துடிப்பே தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகும். எத்தனை நாளா காய்ச்சல்னு எழுதவே இல்லையே தம்பி? ரெண்டு மூணு நாள் தாண்டியிருந்தா டெங்குவுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க, அதுவரைக்கும் புரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை பக்கமே போகாதீங்க, ரத்தக்கசிவு வரலாம்.

மெடிக்கல்ல சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கினேன், மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ரெண்டு. ரேஸ் வரைக்கும் போடலாமா? - கிருஷ்ணகிரி

மஞ்சள் ஒண்ணு வெள்ளை ரெண்டுன்னா நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? ஸ்ட்ரிப்பை கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டி சின்ன பேப்பர் கவர்ல போட்டுக் குடுப்பாங்க, மருந்து பேரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கிற பக்கம் கடையிலயே தங்கிடும். என்கிட்ட வர்றவங்ககிட்ட வருஷக்கணக்கா கத்திக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் கேக்குறதில்ல. இந்த செட்டுல பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு சளி மாத்திரை இருக்கும், சில கடையில ஸ்டீராய்டும் சேர்ந்துக்கும், அதான் மறுநாளே பறக்குற மாதிரி தெம்பு வர்றது. சாதாரண சளி வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. அதுலயும் சிப்ரோ, லீவோ, ஆஃப்லாக்சசின் வகை ஓடுறவங்களுக்கு எமன், குதிகாலுக்கு மேல இருக்கிற அக்கிலீஸ் நாரையே பலவீனமாக்கி சில பேருக்கு அறுத்தே விட்டுடும், அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2008லயே அட்டையில கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லிடுச்சு. அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்புல விளையாடும். வலி மாத்திரை போட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து தண்ணி வத்திப்போய் ஓடினா கிட்னி அடி வாங்கும். அந்தக் கவரை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க, இன்னைக்கே. ரேஸ் அன்னைக்கு வலி மாத்திரை கூடவே கூடாது, இதை எத்தனை வாட்டி வேணும்னாலும் சொல்வேன்.

நேத்து கல்யாண விருந்து, ராத்திரியில இருந்து லூஸ் மோஷன். - காவேரிப்பட்டணம்

ரேஸ் வாரத்துல விருந்தா! பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குற வேலை வேண்டாம். சனிக்கிழமை பூரா போகாம நின்னு, சோறு தங்கி, ஒண்ணுக்கு வெளிர் மஞ்சளா போனாதான் ஞாயிறைப் பத்தியே யோசிக்கணும். மோஷனை நிறுத்துற மாத்திரையைப் போட்டு அடைச்சுக்கிட்டு ஸ்டார்ட் லைன்ல நிக்காதீங்க.

காய்ச்சலால ஒரு வாரம் ஓடல, இப்ப சரியாயிடுச்சு. விட்டதைப் பிடிக்க வியாழக்கிழமை 25 கிமீ ஓடட்டா? - ஓசூர்

வேண்டாம். ஒரு வாரத்துல ஸ்டாமினா ஒண்ணும் ஓடிப்போகாது. காய்ச்சல் விட்டு ஒரு வாரமாவது ஆகலைன்னா ஞாயிறு ரேஸும் வேண்டாம்.

சுக்கு மிளகு கஷாயம் குடிக்கலாமா? - ஊத்தங்கரை

வழக்கமா குடிக்கிறவங்கன்னா தாராளமா. ரேஸ் அன்னைக்குக் காலையிலதான் முதல் வாட்டின்னா வயிறு எரியும்.

ஃபீஸ் கட்டியாச்சு, ரூம் போட்டாச்சு, இப்ப காய்ச்சல். பணம் வீணாகுதேன்னு என் பிப்பை (நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை) ஃப்ரெண்டுக்குக் குடுத்து ஓட வெக்கட்டா? - பென்னாகரம்

காய்ச்சலோட நீங்க ஓடக்கூடாதுன்னு மேலயே சொல்லிட்டேன். ரூமை கேன்சல் பண்ணப் பாருங்க, ஃபீஸ் போனது போனதுதான். பிப் நம்பர்ல பதிவாகியிருக்கிறது உங்க பேரு, உங்க வயசு, உங்க வீட்டு போன். அவரு 35வது கிலோமீட்டர்ல சுருண்டு விழுந்தா ஆம்புலன்ஸ்காரங்க உங்க வீட்டுக்குத்தான் போன் போடுவாங்க.