ஏ.சி.க்கும் ஆர்.ஓ.வுக்கும் மூன்று வருட ஏ.எம்.சி.: பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்குப் பக்கத்தில். ஏழு வருடம் ஓடிய ஸ்பிளிட் ஏ.சி. ஒன்று, சென்ற கோடையில் வாங்கிய ஏ.சி. ஒன்று, ஆர்.ஓ. மெஷின் ஒன்று இருக்கின்றன. மூன்றையும் மூன்று வருடம் பராமரிக்கும் ஒப்பந்தத்துக்கு (ஏ.எம்.சி.) ஒரு சர்வீஸ் நிறுவனம் 21,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கேட்கிறது. "பார்ட்ஸ் எல்லாம் ஃப்ரீ, இன்றைக்குக் கட்டினால்தான் இந்த ரேட்" என்கிறார் வந்தவர். கட்டலாமா? பிறகு வராமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, சென்னை)

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். மூன்று வருடத்துக்கு மொத்தமாக எப்போதுமே கட்டாதீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 24,780 ரூபாய், அதாவது வருடத்துக்கு 8,260. சென்ற இரண்டு வருடங்களில் இந்த மூன்றுக்கும் செலவழித்த பில்களைக் கூட்டி, இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புது ஏ.சி.யை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் வாரண்டி கார்டில் கம்ப்ரசருக்கு எத்தனை வருடம், பி.சி.பி.க்கு (உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு) எத்தனை வருடம் என்று தனித்தனியாக இருக்கும். கம்பெனி இலவசமாகச் செய்ய வேண்டியதற்கு நீங்கள் இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். வெளியாள் கழற்றினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனையும் பல கார்டுகளில் உண்டு. அந்த ஆபத்து தனி.

பழைய ஏ.சி.தான் யோசிக்க வேண்டியது. ஏ.எம்.சி.யில் இரண்டு வகை. ஒன்றில் ஆள் கூலி மட்டும் அடங்கும், பார்ட்ஸுக்குத் தனிப் பணம். மற்றதில் பார்ட்ஸும் சேரும். வந்தவர் வாயால் சொல்வது இரண்டாவது வகை, நீட்டும் தாள் பெரும்பாலும் முதல் வகை. இரண்டாவது வகையே என்றாலும் விலக்குகளைப் படியுங்கள். "துருப்பிடித்தல், அரிப்பு ஆகியவற்றால் வரும் பழுது அடங்காது" என்ற வரி இருக்கிறதா? உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரித்து, அங்கேதான் கேஸ் கசியும். கடலோர வீட்டில் அந்த ஒரு வரி போதும், கேஸ் ஃபில்லிங், காயில் மாற்றுவது எல்லாம் உங்கள் தலையில் விழும். ஆர்.ஓ.வில் அதே வேலையை "கன்ஸ்யூமபிள்ஸ் நீங்கலாக" என்ற சொல் செய்யும். மாதாமாதம் தேய்வது செடிமெண்ட், கார்பன் ஃபில்டர்களும் மெம்ப்ரேனும்தான். அவை இல்லாத ஏ.எம்.சி.யில் மிச்சமிருப்பது துடைத்துவிட்டுப் போவது மட்டும்.

எனவே பழைய ஏ.சி.க்கும் ஆர்.ஓ.வுக்கும் மட்டும், ஒரு வருடத்துக்கு, பார்ட்ஸ் சேர்ந்த விலை என்ன என்று கேளுங்கள். அரிப்பு விலக்கை எடுக்க மறுத்தால் ஏ.சி.யை விட்டுவிடுங்கள், வருடத்துக்கு இரண்டு சர்வீஸுக்கு அவ்வப்போது பணம் கொடுப்பது உங்களுக்கு லாபம். ஒத்துக்கொண்டால், பணம் கட்டும் முன்பே மெஷினைச் சோதித்து எழுத்தில் ரிப்போர்ட் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் பழுதுக்கே "இது முன்பே இருந்தது" என்று கைகழுவுவார்கள். இன்டோர், அவுட்டோர் இரண்டுக்கும் வேறு வேறு சீரியல் நம்பர். இரண்டும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் போட்டு ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வந்தவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பினால், பிற்பாடு "எங்களுக்கு வரவில்லை" என்பதுதான் பதிலாக இருக்கும். ஆட்டோபே (உங்கள் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் அனுமதி) கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலேயே ரத்து செய்யலாம், அவர்கள் அனுமதி தேவையில்லை.

இனி சட்டம். பணம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாதது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அவர்கள் தப்ப முடியாது. "வழக்கு மும்பையில் மட்டுமே" என்று போட்டிருந்தாலும், பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். தனியார் நடுவரிடம்தான் (ஆர்பிட்ரேஷன்) போக வேண்டும் என்ற ஷரத்தும் நுகர்வோரைத் தடுக்காது என்பது எமார் எம்.ஜி.எஃப். என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நிலை.

மனுவில் ஒரு விஷயம் கவனியுங்கள். "இது நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மட்டும் எழுதினால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. உங்கள் விவகாரத்தில் "சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை" என்று கேட்பதே நேர்வழி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். பிறகு 15 நாள் கெடு வைத்து நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். போன் பேச்சு சாட்சியாக நிற்பது கஷ்டம். ஒவ்வொரு முறையும் பேசி முடித்ததும் "இன்று காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவையுங்கள்.

ஆள் வந்தால் வேலை முடிந்து, ஏ.சி. அரை மணி நேரம் ஓடிப் பார்க்கும் வரை உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், ஜாப் ஷீட்டில் கையெழுத்தும் போடாதீர்கள். அந்த ஓ.டி.பி. போனால் அவர்கள் பதிவில் உங்கள் புகார் தீர்ந்துவிட்டது. அவசரப்படுத்தினால் ஷீட்டிலேயே "கூலிங் இல்லை, கேஸ் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதை அவர் கையில் இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.