கேள்வி – பதில்: ரொறன்ரோவுக்கு அருகே ஓர் உழவர் ஊர்

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கும் என் அண்ணன் குடும்பம், அக்ஸ்பிரிட்ஜ் என்ற இடத்தில் காணியோடு ஒரு வீடு வாங்க யோசிக்கிறது. பெரிய நகரத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் அந்த இடம் வயலும் காடுமாகவே இருப்பது எப்படி?
– வாசகி, மாங்குளம்

பதில்: ரொறன்ரோ நகர மையத்திலிருந்து வடகிழக்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது அக்ஸ்பிரிட்ஜ். ஏறக்குறைய 420 சதுர கிலோமீற்றர் பரப்பில், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 21,500 பேரே வாழ்கிறார்கள். அவர்களிலும் பாதிப் பேரளவில் நடுவிலுள்ள சிறு பட்டணத்தில் இருக்க, மீதிப் பரப்பு சோளமும் சோயாவும் கோதுமையும் விளையும் காணிகளாகவும், குதிரைப் பண்ணைகளாகவும், காடாகவும் விரிந்திருக்கிறது. மிசிசாகா முதற்குடியினரின் நிலமாக இருந்த அவ்விடத்துக்கு, 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து குவேக்கர் என்ற கிறிஸ்தவ சமயப் பிரிவினர் வந்து குடியேறினார்கள். 1820இல் அவர்கள் எழுப்பிய வழிபாட்டு மண்டபம் இன்றும் ஒரு குன்றின் மேல் நிற்கிறது. 1871இல் ரயில் வந்தது.

அந்த நிலம் கட்டடங்களால் மூடப்படாமல் இருப்பதற்கு முதற் காரணம் நிலத்தடி நீர். அக்ஸ்பிரிட்ஜின் தென்பகுதி, பனிப்பாறைகள் உருகியபோது விட்டுச்சென்ற மணலும் கிரவலும் குவிந்து உருவான, சுமார் 160 கிலோமீற்றர் நீளமான ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலத் தொடரின் மீது இருக்கிறது. மழைநீரும் உருகும் பனியும் அந்த மணலில் இறங்கி, தெற்கே ஒன்ராறியோ ஏரிக்கும் வடக்கே சிம்கோ ஏரிக்கும் ஓடும் ஆறுகளுக்கு ஊற்றாகின்றன. பட்டணத்தின் குடிநீரும் கிணறுகளிலிருந்தே பெறப்படுகிறது. வீடுகளும் தார் வீதிகளும் அந்த மேட்டை மூடிவிட்டால் ஊற்றுக்கண் அடைபடும் என்பதை மக்கள் விடாமல் எடுத்துச் சொன்னதன் பயனாக, 2001இல் மேட்டுநிலத்தைப் பாதுகாக்கும் சட்டமும், 2005இல் அதைச் சூழ்ந்த பெரும் பரப்பையும் சேர்த்துக் காக்கும் பசுமை வலயச் சட்டமும் வந்தன. ஆயினும் 2022இல் ஒன்ராறியோ மாகாண அரசு, பசுமை வலயத்தின் பல இடங்களிலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீடமைப்புக்கென விடுவித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்த பின்னர் 2023இல் அம்முடிவைக் கைவிட்டது. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பும் விழிப்பாக இருக்கும் மக்களை நம்பியே நிற்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: அங்குள்ள காடு ஆதிக்காடா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பெரும்பகுதி நட்டு வளர்த்த காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மரங்களைத் தறித்து உழுதார்கள். மெல்லிய மேல்மண் சில தலைமுறைகளுக்குள் தீர்ந்துபோக, அடியிலிருந்த மணல் காற்றில் பறந்து வயல்களையும் வேலிகளையும் மூடியது; பலர் காணிகளைக் கைவிட்டுப் போனார்கள். எட்மண்ட் சாவிட்ஸ் என்ற வனவியலாளர் தென் ஒன்ராறியோவின் இத்தகைய பாழ்நிலங்களைப் பற்றி 1908இல் அறிக்கை எழுதினார். 1921இல் வந்த சட்டத்தின்படி, கைவிடப்பட்ட நிலத்தை உள்ளூராட்சி நிருவாகங்கள் வாங்க, மாகாண அரசு பைன் கன்று நட்டுப் பராமரித்தது. முள்ளியவளைத் தேக்கங்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பைன் மரங்களின் நேர் வரிசைகள் பழக்கமானவையாகத் தோன்றும். பைன் மரங்களை இடையிடையே வெட்டி வெளிச்சம் விட்டதால், கீழே மேப்பிளும் ஓக்கும் தாமாகவே முளைத்து வளர்கின்றன. மேட்டுக்காணியில் காடு வெட்டிய அனுபவமுள்ள நம்மவர்கள் இந்த வரலாற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன், ஏனெனில் அந்த மண்ணை மீட்க ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: கனடாவிலும் அரசு மக்களின் காணியை எடுத்திருக்கிறதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: எடுத்திருக்கிறது, அக்ஸ்பிரிட்ஜின் தெற்கு எல்லையே அதற்குச் சாட்சி. ரொறன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் அமைப்பதற்காக, பிக்கரிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் ஆகிய இடங்களில் சுமார் 18,600 ஏக்கரைக் கூட்டாட்சி அரசு 1972இல் சுவீகரித்தது. இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் தலைமுறைகளாக உழுத குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே அரசின் வாடகைக்காரராக இருக்க வேண்டியதாயிற்று. இல்லையேல் வெளியேற வேண்டியிருந்தது. மக்கள் கூடிப் போராடினார்கள். மாகாண அரசு தன் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1975இல் கட்டுமானம் நின்றது. ஆனாலும் திட்டம் முறையாகக் கைவிடப்படாததால், நல்ல விளைநிலம் அரை நூற்றாண்டு குறுகிய காலக் குத்தகையில் கிடந்தது. நாளை தன் கையில் இருக்குமோ என்று தெரியாத காணியில் யார்தான் வடிகால் வெட்டுவார், களஞ்சியம் கட்டுவார்? பழைய பண்ணைவீடுகள் பல பாழடைந்து இடிக்கப்பட்டன. 2025 ஜனவரியில்தான் விமான நிலையம் அங்கு அமையாது என்று அரசு அறிவித்தது. காணி எடுக்கப்படும் நாளில் ஏற்படும் துயரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முடிவு சொல்லாமல் இழுத்தடிக்கும் ஆண்டுகள் மண்ணையும் மனிதரையும் எவ்வளவு கெடுக்கின்றன என்பதையும் அதே கவலையோடு பேச வேண்டும்.

கேள்வி: கார் ஓட்டாத முதியவர்கள் அங்கு வாழலாமா? வீடு வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பட்டணத்துக்குள் என்றால் வாழலாம்; கடைத்தெருவும் ஒரு சிறு மருத்துவமனையும் உண்டு. பண்ணைப் பகுதியில் கார் இல்லாமல் இயலாது. பயணிகள் ரயில் அயலிலுள்ள ஸ்ரோவ்வில் பகுதியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பஸ் உண்டு. கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் மார்க்கம் அல்லது ஸ்காபரோ வரை போக வேண்டியிருக்கும். தமிழ் அயலவர்களோடு பழகி வாழ்ந்த பெற்றோருக்கு, குளிர்காலத்தில் அந்தத் தனிமை பனியைவிடக் கடினமாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் அவர்களிடம் கேட்பது அவசியம்.

பட்டணத்துக்கு வெளியேயுள்ள வீடுகளில் பெரும்பாலும் சொந்தக் கிணறும் நிலத்தடிக் கழிவுநீர்த் தொட்டியும் இருக்கும். அவற்றின் செலவும் பொறுப்பும் வீட்டுக்காரருடையவை. ஆகவே கிணற்றில் மணிக்கு எவ்வளவு நீர் ஊறுகிறது, தொட்டி எப்போது அமைக்கப்பட்டது என்பவற்றை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும். கிணற்றுநீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் பரிசோதனையை ஒன்ராறியோவில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். ஆயினும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று அப்பரிசோதனையில் தெரியாது. சுற்றிலும் சோளக்காணி உள்ள வீடென்றால் அதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்திச் சோதிப்பதே நல்லது.