சுஷியும் கவனிப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் டோக்கியோவில் இருந்தேன். கடைசி நாள், எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சுஷிக் கடைக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். மெனு கார்டு இல்லை. சமையல்காரர் எதிரே நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்கிறார், நாம் சாப்பிட வேண்டும். பெரும்பாலானவற்றுக்குத் தொட்டுக்கொள்ள சோயா சாஸ்கூட வேண்டாம் என்றுவிட்டார். ஒரு சுஷியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நம்மூர் பந்தியில் இலைமேல் கையை மறைத்து வேண்டாம் என்றாவது சொல்லலாம். இதைப் போய் உயர்ந்த உபசரிப்பு என்கிறார்களே? எனக்குப் பரீட்சை எழுதியதுபோல இருந்தது.

ம.

அன்புள்ள ம.,

அந்தக் கூச்சம் முதல் தடவை எனக்கும் இருந்தது. ஆனால் அவர் மாறி மாறிப் பார்த்ததற்குக் காரணம் அந்தச் சோறுதான் என்று நினைக்கிறேன். நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைக்கிற சுஷியில், சோறு ஏறக்குறைய உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கும்படி லேசாகத்தான் பிடிப்பார்கள். நல்ல கைகாரர் பிடித்ததென்றால், தட்டில் வைத்ததும் அது தன் கனத்தில் துளி அமர்வது கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்தில் வாயில் போட்டால் சோறு பருக்கை பருக்கையாக உதிர்ந்து மீனோடு கலக்கும். சில நிமிடம் விட்டால் ஆறி இறுகிவிடும். கல்லிலிருந்து எடுத்துப் போட்ட தோசையை வைத்துக்கொண்டு நாம் போன் பேசினால் அம்மா எப்படிப் பார்ப்பார்? அதே பார்வைதான் அது. சோயா சாஸும் அப்படித்தான்: மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் சேர்த்துக் காய்ச்சியதை அவரே மீன்மேல் தூரிகையால் தடவிவிடுகிறார். வசாபி என்கிற காரமான பச்சை விழுது மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் ஏற்கெனவே இருக்கிறது.

சமையலின் கடைசிப் படி உங்கள் கண்முன்னே நடக்கிற சாப்பாடு இது. இந்த எதிரெதிர் நிற்பதும் பழையதுதான். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்தபோது, 1820கள் வாக்கில், அங்கே ரியோகோகு பகுதியில் ஹனயா யோஹெய் என்பவர் நிகிரியைப் பிரபலப்படுத்தினார் என்பார்கள். அப்போது அது தெருவோரத் தள்ளுகடைகளில் நின்றபடி சாப்பிடுகிற பண்டம், அளவும் இன்றையதைவிடப் பெரிது. ஐஸ் இல்லாத காலம் என்பதால் மீனுக்கு உப்பு, வினிகர், சோயா ஊறல். கொஹாதா கிடைத்ததா உங்களுக்கு? மத்திக்குத் தூரத்து உறவான வெள்ளி நிறச் சின்ன மீன். அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து, உப்பில் எத்தனை நிமிடம், வினிகரில் எத்தனை நிமிடம் என்று முடிவு செய்வார்கள். உங்களைப் பார்த்த அதே கண் காலையில் அந்த மீனைப் பார்த்திருக்கும்.

பந்தியைச் சொன்னீர்கள். நல்ல பந்தி விசாரிப்பவர், சாம்பார் சோறு முடிகிற நேரத்தில் கூப்பிடாமலே ரசத்தோடு ஆள் அனுப்புவார். டோக்கியோவில் நிஹோன்பாஷி பக்கம் ஒரு சின்னச் சுஷிக் கடையில் எனக்கு நடந்ததும் அந்த வகைதான்.

நான் பிறவி இடதுகைக்காரன். எழுதுவது, கதவு திறப்பது எல்லாம் இடதுகை; சோறு மட்டும் வலதுகை. பீச்சாங்கை என்று புறங்கையில் அடித்து அடித்துப் பழக்கியது. அன்று கடையிலிருந்த அம்மா ஒருவர் சூடான துண்டு நீட்டியபோது இடது கையால் வாங்கினேன், தேநீர்க் கோப்பையையும் அதே கையால் தூக்கினேன். முதல் சுஷி வலது கைக்கு வாகாகச் சாய்ந்து வந்தது. அடுத்தது வேறு மாதிரி இருந்தது, என்ன என்று பிடிபடவில்லை. மூன்றாவது வந்தபோதுதான் கவனித்தேன்: சமையல்காரர் கோணத்தை அப்படியே மாற்றி, இடது கைக்கு எடுக்கத் தோதாக வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவருக்கு வழக்கம்போல வலப்பக்கம். இஞ்சி ஊறுகாயும் எப்போதோ இடம் மாறியிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த மீனை அறுத்துக்கொண்டிருந்தார். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம் என்பது தெரியும் இல்லையா? எடுத்தேன். நினைவு தெரிந்து இடது கையால் நான் வாயில் போட்ட முதல் கவளம் அது. தொண்டை அடைத்துவிட்டது, சார்.

ஒன்றில் உங்கள் பக்கம்தான் நான். விருந்தாளிக்குப் பரீட்சை பயம் வந்தால் அது கடைக்காரரின் குறை. எத்தனை நல்ல மீனாக இருந்தாலும் சரி, பயந்தவனுக்கு ருசி தெரியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை என்பது சரியில்லை. உட்கார்ந்ததும் எது ஆகாது என்று பொதுவாகக் கேட்பார்கள். உங்கள் நண்பர் உங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கலாம். சோறு அதிகம் என்றால் ஷாரியை, அதாவது சுஷிச் சோற்றை, சின்னதாகப் பிடிக்கச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சாப்பிட்ட முறைக்கு ஒமகாசே என்று பெயர்; 'உங்களிடம் விட்டுவிட்டேன்' என்று அர்த்தம். அது வேண்டாம் என்றால், பிடித்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிற ஒகோனோமி முறை இருக்கிற கடைகள் இன்னும் உண்டு. அப்புறம், மதியம் திறக்கிற கடைகளில் பெரும்பாலும் இரவைவிட விலை குறைவாக இருக்கும்.

அடுத்த தடவை போனால் தனியாகவே போய் உட்காருங்கள். கொஹாதா எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.