சைஸ் வேறு, கட்ஸ் வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதமாக ஜிம் போகிறேன். வயது 24, எடை 64 கிலோ. கனமாகத் தூக்கினால் சைஸ் ஏறும், எடையைக் குறைத்து 30 ரெப்ஸ் (நிறுத்தாமல் 30 தடவை) அடித்தால் கட்ஸ் (தசை வரி) விழும் என்கிறார் மாஸ்டர். எனக்கு இரண்டுமே வேண்டும். எதை முதலில் செய்ய?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மாஸ்டர் சொன்னதில் பின்பாதியை விட்டுவிடுங்கள். கட்ஸ் விழ வைக்கும் ரெப்ஸ் எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது. தோலுக்கும் தசைக்கும் நடுவில் கிடக்கும் கொழுப்பு மெலிந்தால் வரி தெரியும். அது சாப்பாட்டுத் தட்டில் நடக்கிற வேலை. வயிற்றுக்கு மட்டும் நூறு க்ரஞ்ச் போட்டு வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்கவும் முடியாது.

சைஸ் ஏற, தசைமேல் போதுமான இழுவிசை விழ வேண்டும். அதை 6 ரெப்ஸிலும் பெறலாம், 25 ரெப்ஸிலும் பெறலாம். செட் (இடைவிடாமல் அடிக்கும் ஒரு சுற்று) முடியும்போது இன்னும் இரண்டு, மிஞ்சினால் மூன்று ரெப்ஸுக்குத்தான் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவே. 30 அடித்த பிறகும் 15 அடிக்க முடிகிறதென்றால் வியர்த்ததுதான் லாபம். பழக்கத்தில் 8 முதல் 12 வரை வைத்துக்கொள்வது நல்லது. 30 ரெப்ஸ் செட்டில் தசை களைக்கும் முன்னே மூச்சு வாங்கும். 3 ரெப்ஸ் கனத்தில் மூட்டு முந்திக்கொண்டு வலிக்கும்.

ஒரு தசைக்கு வாரம் 10 செட், திங்கள் 5, வியாழன் 5 என்று பிரியுங்கள். ‘செஸ்ட் டே’ (நெஞ்சுக்கான நாள்) என்று ஒரே நாளில் 20 செட் அடிப்பவர்களுக்குக் கடைசிப் பத்து செட்டில் எடையும் இருக்காது, ஒழுங்கும் இருக்காது. பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) போன்றவற்றில் செட்டுக்கு நடுவே 2, 3 நிமிடம் உட்காருங்கள். ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள்: 40 கிலோவில் மூன்று செட்டும் 12 வந்ததா, அடுத்த தடவை 42.5 கிலோ. ரெப்ஸ் 9-க்கு இறங்கும். அங்கிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

உயரத்தை நீங்கள் எழுதவில்லை. 5 அடி 7 அங்குலத்துக்கு மேல் என்றால் முதலில் உடம்பை ஏற்றுங்கள், மாதம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. பிறகு குறைக்கும்போது வாரம் 300 முதல் 600 கிராம் போதும். அதற்கு மேல் வேகம் காட்டினால் தசையும் சேர்ந்து போகும். அந்த மாதங்களிலும் தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள். வேலை இல்லாத தசைக்கு உடம்பு சும்மா சோறு போடாது.

கேள்வி: ஜிம்மை விட்டு வரும்போது கை பெரிதாகத் தெரிகிறது. காலையில் பழையபடி ஆகிவிடுகிறதே?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: அது பம்ப். ரத்தமும் நீரும் தசையில் தேங்குவதால் வரும் வீக்கம், ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென்று ஏறுவதும் பெரும்பாலும் நரம்பு பழகுவதால்தான். கண்ணாடியில் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். டேப் வைத்து அளப்பதானால் காலையில், பயிற்சிக்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வயது 26. டம்பெல்ஸ் எடுத்தால், “ஏட்டி, ஆம்பள கை மாதிரி ஆயிரும்” என்று அம்மா சத்தம் போடுகிறார்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஆகாது. ஆண்களின் ரத்தத்தில் தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அவர்களே ஒரு அங்குலம் ஏற்ற ஆண்டுக்கணக்கில் அல்லாடுகிறார்கள். பொங்கலுக்கு ராதாபுரம் பக்கம் வடலிவிளையில் பெண்கள் இளவட்டக்கல் தூக்குவதை அம்மாவுக்குக் காட்டுங்கள். இரண்டு கிலோ டம்பெல்லோடு நிற்காமல், 10 ரெப்ஸில் கை திணறும் எடையை எடுங்கள்.

கேள்வி: தினம் 100 தண்டால், 200 பஸ்கி. ஒரு வருடமாக நெஞ்சு அப்படியே இருக்கிறது.
– வாசகர், வள்ளியூர்

பதில்: சாதாரண தண்டாலில் கைமேல் இறங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அது ஒரு வருடமாக ஏறவே இல்லை, உடம்பு பழகிவிட்டது. எண்ணிக்கையை விடுங்கள், கனத்தைக் கூட்டுங்கள். காலைத் திண்ணையில் வைத்துப் போடுங்கள். பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசியோ மணலோ கட்டி முதுகில் மாட்டுங்கள். இறங்க 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். 12 வந்தால் மணலைக் கூட்டலாம். பஸ்கிக்குப் பதில், பின்காலைத் திண்ணையில் ஊன்றி ஒற்றைக்காலில் இறங்குங்கள். இருபதைத் தாண்டுவதே பாடாக இருக்கும். உங்கள் பட்டியலில் இழுக்கிற வேலையே இல்லை. கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்அப்பும் சேராவிட்டால் முதுகு வளராது. தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

கேள்வி: சைவம். எடை 62 கிலோ. பவுடர் இல்லாமல் புரதம் எட்டுமா?
– வாசகர், தென்காசி

பதில்: கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் 100 கிராம் வேண்டும். இட்லியும் சொதியும் அதில் கால்வாசிகூடத் தராது. மீல்மேக்கர் 50 கிராம் (ஊறவைக்கும் முன் எடை) தரும் புரதம் 26 கிராம், பால் அரை லிட்டர் 16, பனீர் 100 கிராம் 18, துவரம்பருப்பு 50 கிராம் 11, கொண்டைக்கடலைச் சுண்டல் (காய்ந்த கடலை 50 கிராம்) 10, ஒரு கிண்ணம் தயிர் 7. மீதி சோறு, இட்லியில் வந்துவிடும். நிலக்கடலையைப் புரதம் என்று அள்ளித் தின்பவர்கள் கவனிக்க: 100 கிராமில் புரதம் 25 கிராம்தான், கலோரியோ 560-க்கு மேல். உடம்பை ஏற்றுகிற காலத்தில் தின்னலாம், குறைக்கும்போது ஒரு பிடியோடு நிறுத்துங்கள். அல்வாவுக்கும் அதே சட்டம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவுக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.