நிறத்தை எண்ணி ஒதுங்கும் மகளுக்குத் தாய் என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மகளுக்கு 12 வயது, தரம் 7 இல் படிக்கிறாள். வரும்போதெல்லாம் என் நாத்தனார், “எங்கள் பக்கத்து நிறம் இவளுக்கு வரவில்லையே” என்பார். வெயிலில் கறுத்துவிடுவேன் என்று மகள் வலைப்பந்து அணியிலிருந்து விலகிவிட்டாள். தலையணைக்கடியில் வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றையும் கண்டெடுத்தேன். அழகைவிடக் குணமே பெரிது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்; கேட்பதாக இல்லை. அடுத்த மாதம் அவளுக்குச் சடங்கு வைத்திருக்கிறோம். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் அந்தக் கிறீமைப் பற்றிப் பேசிவிடுவோம், அது நாள் கடத்தக்கூடிய விடயமன்று. விரைவில் வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும், வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்தும் கலக்கப்படுகின்றன. பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுத்ததுபோல் தெரியும். ஆனால் அது உடலுக்குள் ஊறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சமவாயத்தில் இலங்கை 2017 இல் இணைந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் 2025 ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென அச்சமவாய நாடுகள் 2023 இல் முடிவு செய்தன. இருந்தும் பெயர், முகவரி இல்லாத டப்பாக்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. மகளைக் கண்டித்து அதைப் பறித்தால் அடுத்ததை இன்னும் கவனமாக ஒளித்து வைப்பாள். எத்தனை நாட்களாகப் பூசுகிறாள் என்று அமைதியாகக் கேளுங்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீமை நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் கிளம்பக்கூடும் என்பதால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவளோடு வைத்தியரிடம் செல்லுங்கள்.

வெயிலைப் பற்றியும் அவளுக்கு ஓர் உண்மை தெரிய வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் மேலே போகும்போது புற ஊதாக் கதிர்களின் வலு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. குளிரும் பனிமூட்டமும் இருப்பதால் நம் மலைகளில் அது நமக்கு உறைப்பதில்லை. அந்தக் கதிர்களிலிருந்து உட்புறத்தைக் காக்கவே தோல் கூடுதலாக மெலனினைச் சுரக்கிறது. ஒரு நாள் மாலை, மலையில் காய்ந்த உங்கள் முழங்கையையும் சட்டைக்குள் மறைந்திருந்த தோளையும் அருகருகே அவளுக்குக் காட்டுங்கள். இரண்டும் ஒரே அம்மாவின் தோல்தான். ஒன்று வேலை செய்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. பாடசாலைகளில் உளவளத்துணையாளராகப் பணிபுரிந்த ஆண்டுகளில் இதே வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த பல பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். “நான் அழுதால் மட்டும்தான் அம்மா என் குணத்தைப் பற்றிப் பேசுவார்” என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். நிறத்துக்காக அழும் வேளையில் மட்டும் குணத்தை எடுத்து நீட்டினால், அழகு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாகவே பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவள் அழாத நாட்களில்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதுவும் அறிவுரையாக அல்ல, அவள் செய்ததை நீங்கள் கண்டதாக.

ஒரு வாரத்துக்கு, வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கறுத்துவிட்டாள், மெலிந்துவிட்டாள், தலைமுடி கொட்டிவிட்டது என்பவையே பெரும்பாலும் இருக்கும். எதை நாம் வாய்விட்டுச் சொல்கிறோமோ அதுவே மதிப்புள்ளது என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. கிளோடியா முல்லர், கெரொல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைக் கெட்டிக்காரர்கள் என்றும், சிலரை நன்றாக முயன்றார்கள் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, கெட்டிக்காரர் எனப் பெயர் வாங்கியவர்கள் ஊக்கம் இழந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். அழகுக்காகப் புகழ்வதிலும் இதே ஆபத்து இருப்பதாக நான் கருதுகிறேன். தன் கையில் இல்லாத ஒன்றுக்காகப் புகழப்படும் பிள்ளை அதை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தோடு வளரும். அது கிடைக்காத பிள்ளையோ தொடக்கத்திலேயே தோற்றுவிட்டதாக எண்ணும்.

“நல்ல பிள்ளை” என்ற பொதுச்சொல்லால் பயனில்லை. “பீலியில் வரிசை நீண்டிருந்தும் குடத்தோடு நின்ற அம்மாயிக்கு உன் முறையை விட்டுக்கொடுத்தாயே, நான் பார்த்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். நாள், இடம், செயல் மூன்றும் அதில் இருப்பதால் அவளால் அதை மறுக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் பெண்பிள்ளையின் குணம் என்றாலே அடக்கம், பொறுமை, எதிர்த்துப் பேசாமை என்று சுருக்கிவிடுகிறோம். நேர்மையும் துணிவும் பிறருக்காகக் குரல் கொடுப்பதும் குணங்கள்தாம். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு தோட்டங்களுக்குச் சென்று தொழிலாளர் உரிமைகளைப் பாட்டாகப் பாடிய அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குக் கிலோ குறைத்து எழுதப்பட்டதைத் தட்டிக்கேட்ட நாள் உங்களுக்கும் இருக்குமானால், அதை இரவுச் சாப்பாட்டின்போது முழுதாகச் சொல்லுங்கள். அம்மாவின் கதை வேறெந்தக் கதையையும்விட ஆழமாக இறங்கும்.

“நீ ஒன்றும் கறுப்பில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கறுப்பு குறைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். “ஆமாம், என் நிறம் உனக்கு” என்று இயல்பாகச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று உங்கள் முகத்தை நீங்களே குறை கூறும் வழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். பொட்டு, பூ, பவுடர் ஆகியவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. அழகாக உடுத்த ஆசைப்படுவது குற்றமன்று.

நாத்தனாரிடம் பேச வேண்டியது மகளின் முன்னால்தான். பிள்ளையின் காது கேட்கச் சொல்லப்பட்ட சொல்லுக்கு அவள் காது கேட்கவே மறுமொழி வர வேண்டும். “அண்ணி, இவள் நிறத்தைப் பற்றி இனிப் பேச வேண்டாம், பிள்ளையின் மனம் நோகிறது” என்ற அளவே போதும். உங்கள் கணவரும் தம் அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பாதிச் சுமை குறையும். மகளோடு பேசும்போது அவர் வலைப்பந்தைப் பற்றிக் கேட்கட்டும். அணிக்குத் திரும்பும்படி அவளை வற்புறுத்த வேண்டாம்; தொப்பியோடும் சன்ஸ்கிறீனோடும் பயிற்சிக்கு வரலாம் என்று பயிற்றும் ஆசிரியர் அழைத்தால் அவளே போகக்கூடும்.

இந்த வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை கூடுவது இயற்கை. அதற்குப் பயந்து அவள் சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, உண்டபின் வாந்தி எடுத்தாலோ, பாடசாலைக்குப் போக மறுத்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்தினாலோ, வீட்டுப் பேச்சோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் எந்நேரமும் அழைக்கலாம்.

சடங்குக்கு முன்பே படப்பிடிப்பாளரிடமும் ஒப்பனை செய்பவரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: மகளின் முகத்தை வெளுப்பாக்கக் கூடாது. பல அல்பங்களில் முகம் ஒரு நிறமும் மருதாணி இட்ட கை வேறொரு நிறமுமாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அல்பம் உங்கள் வீட்டில் பல வருடங்கள் இருக்கும். படங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் மகளை அருகில் உட்காரவைத்து, எவை வேண்டும் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.